எந்த உணவு நமக்குச் சேரவில்லை? நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்போம்



குழுக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் நம் உடம்பைப் பற்றிய பேச்சே வரும். "எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதிக்குது", "காலையில காப்பி குடிச்ச அரை மணியில அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டியிருக்கு", "பஸ்ஸில ஏறவே பயமா இருக்குக்கா" என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். கழிப்பறை இல்லாத இடத்தில் களையெடுக்கப் போகிறவர்களுக்கும் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் கூலி போகிறது. வங்கிக்குப் போக வேண்டிய பிரதிநிதி, "இந்த வாரம் நீங்க போயிட்டு வாங்க" என்று ஊக்குநரிடம் பாஸ்புக்கைக் கொடுத்துவிடுகிறார். காரணத்தை மட்டும் வெளியில் சொல்வதில்லை.

சோடா, ஓமத் தண்ணீர், கடையில் ஒரு மாத்திரை என்று ஓட்டுகிறோம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பாலை நிறுத்துகிறோம், பருப்பை நிறுத்துகிறோம், முட்டையை நிறுத்துகிறோம். நிறுத்தியதில் எது பலன் தந்தது என்று தெரியாது. தெரியாததால் எதையும் திரும்பச் சேர்ப்பதும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற நமக்கு, தட்டில் இருப்பது இன்னும் குறைந்து போகிறது.

இந்த மாத நலவாழ்வுப் பாடத்தில், சேராத உணவைச் சரியாகக் கண்டுபிடிக்கும் ஒரு முறையைப் பார்ப்போம். சந்தேகப்படும் உணவைச் சில வாரம் முழுவதுமாக நிறுத்துவது, பிறகு கணக்காகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, அவ்வளவுதான். 1920களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ரோவ் என்ற மருத்துவர் இதை ஒழுங்கான முறையாக எழுதி வைத்தார். இன்றும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

"இது நம்ம பத்தியம்தானே?" என்று கேட்கலாம். பத்தியம் வேறு, இது வேறு. பத்தியத்தில் நிறுத்தச் சொல்வார்கள், எப்போது சேர்க்கலாம் என்பது சொல்பவர் வாயில் இருக்கிறது. இந்த முறையில் திரும்பச் சேர்ப்பதுதான் பாதி வேலை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காயையும் கீரையையும் மறுத்து, அவளை இளைக்க வைக்கும் வழக்கத்துக்கு இந்தப் பாடத்தை யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

அலர்ஜி வேறு, சேராமை வேறு

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். இதில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து.

அலர்ஜி என்ற ஒவ்வாமையில், உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்த உணவை எதிரியாக நினைத்துப் பாய்கிறது. இறாலோ நிலக்கடலையோ முட்டையோ தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், தொண்டை அடைப்பு, மூச்சு இழுப்பு, மயக்கம் வரலாம். கொஞ்சமாகத் தின்றாலும் வரும். இப்படி ஒருமுறை வந்தவர்கள் வீட்டில் "சேர்த்துப் பார்க்கிறேன்" என்று எதையும் முயற்சி செய்யவே கூடாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும். மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

சேராமை என்பது பெரும்பாலும் செரிமானத் தொல்லை. உயிரை எடுக்காது, நிம்மதியை எடுக்கும். இதில் அளவு முக்கியம். கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, கூடினால் தொல்லை. வயிறு உருளுதல், உப்புசம், காற்றுப் பிரிதல், தளர்வாகப் போதல், சிலருக்கு மலச்சிக்கல், தலைவலி. இந்தப் பாடம் இந்த இரண்டாவது வகைக்கு மட்டும்தான்.

மீனைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. சூரை, அயிலை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். "எனக்கு மீன் சேராது" என்று பல வருடமாக ஒதுக்கியவர்களில் சிலருக்கு, அன்று சேராமல் போனது அந்தக் கெட்ட மீனாக இருந்திருக்கலாம். ஆனாலும் அரிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி சாப்பிட வேண்டும்.

நோட்டைத் திறப்பதற்கு முன்

எல்லா வயிற்றுத் தொல்லைக்கும் சாப்பாடு காரணமில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, விழுங்கச் சிரமம், ரத்தசோகை இருந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொல்லை ஆரம்பித்தாலோ, இந்தப் பரிசோதனையில் நாளைக் கடத்த வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குடற்புழு, அமீபா, பித்தப்பைக் கல், குடல் புண் என்று பல காரணங்கள் இருக்கலாம். குடிக்கும் தண்ணீரே காரணமாக இருக்கலாம். வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் பாலையும் பருப்பையும் சந்தேகப்படுவதற்கு முன் குடத்தைப் பாருங்கள்.

சாப்பிடும் மாத்திரையையும் பாருங்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பலருக்கு, முக்கியமாக ஆரம்பத்தில், வயிற்றுப்போக்கும் உப்புசமும் தரும். இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் தரும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றியோ அளவை மாற்றியோ தருவார்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள், ஏற்கெனவே மிகவும் மெலிந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த உணவையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்கு நாமாகச் செய்யவே கூடாது. வளரும் பிள்ளைக்கு ஒரு மாதம் சத்துக் குறைந்தாலும் குறைதான். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலும் கிராம சுகாதார செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையும்தான் அதற்கு வழி.

முதல் வாரம்: எதையும் நிறுத்தாதீர்கள், எழுதுங்கள்

குழுவில் கணக்கு இடித்தால் என்ன செய்கிறோம்? எல்லாருடைய பாஸ்புக்கையும் ஒரேயடியாகக் கிழித்துப் போடுவதில்லை. ரொக்கப் புத்தகத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான்.

ஒரு வாரத்துக்கு வழக்கம்போலச் சாப்பிடுங்கள். என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு, தொல்லை வந்தால் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மாதவிலக்கு நாளையும் குறித்துக் கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சில நாள் பலருக்கு வயிறு உப்பும், அந்தப் பழியைச் சாம்பார் மேல் போடக் கூடாது. எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம். ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கும்:

செவ்வாய். காலை 6 மணி: பால் காப்பி, பெரிய டம்ளர் நிறைய. 7 மணி: வயிறு உருண்டது, தளர்வாகப் போனது. 9 மணி: பழைய சோறு, மோர், பச்சை மிளகாய். தொல்லை இல்லை. 2 மணி: சோறு, சாம்பார், வெண்டைக்காய். தொல்லை இல்லை. 4 மணி: பால் டீ, சின்ன டம்ளர். தொல்லை இல்லை. இரவு 8 மணி: சப்பாத்தி 3, குருமா. 10 மணி: வயிறு உப்புசம்.

இதை நிதானமாகப் படித்தால் இரண்டு சந்தேகம் தெரியும். ஒன்று காலைப் பால் காப்பி, இன்னொன்று இரவுச் சாப்பாடு. ஆனால் காப்பியில் பாலும் இருக்கிறது, காப்பித் தூளும் இருக்கிறது. காப்பியே சிலருக்குக் குடலை முடுக்கிவிடும். இரவில் சப்பாத்தியைப் பிடித்துக் கொண்டால் குருமா தப்பித்துவிடும். அதில் போட்ட வெங்காயமும் பூண்டும் பட்டாணியும்கூட உப்புசம் தரக் கூடியவை. ஒரு நாள் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இதற்காகத்தான். ஏழு நாளையும் பார்த்து, அடிக்கடி மாட்டுகிற ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள்.

பாலை எடுத்துக் கொள்வோம்

நம் பக்கத்தில் அதிகம் மாட்டுவது பால்தான். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது எல்லாருக்கும் அது நிறைய சுரக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இது குறைவுதான். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது அதிகம். ஆகவே இதை நோய் என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்குத் தீனியாகிறது, காற்று உண்டாகிறது. தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கிறது, தளர்வாகப் போகிறது. கறவை மாட்டுக் கடன் வாங்கி, வேளாவேளைக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நம் உறுப்பினருக்கே அந்தப் பால் சேராமல் போவது இதனால்தான்.

"பாக்கெட் பால்தான் சேராது, வீட்டுப் பசும்பால் சேரும்" என்பார்கள். லாக்டோஸ் இரண்டிலும் இருக்கிறது. எருமைப் பாலிலும் ஆட்டுப் பாலிலும் இருக்கிறது. எத்தனை முறை காய்ச்சினாலும் போகாது.

இனி செய்ய வேண்டியது. இரண்டு வாரத்துக்குப் பாலை முழுவதுமாக நிறுத்துங்கள். முழுவதுமாக என்றால் டீ, காப்பி, தயிர், மோர், பாயசம், பால்கோவா, ஐஸ்கிரீம் எல்லாம்தான். பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால் பவுடர் சேர்ப்பதுண்டு, உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். காப்பியை மட்டும் நிறுத்தாதீர்கள், வரக்காப்பியாகக் குடியுங்கள். மற்றச் சாப்பாடு எல்லாம் பழையபடியே இருக்கட்டும். வரக்காப்பி குடித்தும் அதே ஓட்டம் என்றால் குற்றவாளி பால் அல்ல, காப்பி. தொல்லை நின்றுவிட்டால் பால் மேல் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் இன்னும் உறுதியில்லை. அந்த இரண்டு வாரத்தில் வேறு காரணத்தாலும் வயிறு சரியாகியிருக்கலாம். அதனால்தான் திரும்பச் சேர்க்கிறோம். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாட்களாகப் பார்த்துக் கொள்ளுங்கள். முதல் நாள் கால் டம்ளர் பால். ஒன்றும் ஆகவில்லையென்றால் மறுநாள் அரை டம்ளர். மூன்றாம் நாள் முழு டம்ளர், அதாவது 200 மில்லி. அதில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். எந்த அளவில் தொல்லை ஆரம்பிக்கிறதோ அதைக் குறித்துவிட்டு அன்றோடு நிறுத்துங்கள். வயிறு பழைய நிலைக்கு வந்து, மூன்று நாள் ஆன பிறகு இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால் நம்பலாம். மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பால் மேல் குற்றமில்லை. பழையபடி குடியுங்கள், அடுத்த சந்தேகத்துக்குப் போங்கள்.

பால் சேரவில்லை என்று தெரிந்தாலும் ஆயுள் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. முழு டம்ளர் தாங்காத பலர், டீயில் ஊற்றும் கொஞ்சம் பாலைத் தாங்குவார்கள். வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடித்தால் தொல்லை குறையும். தயிரில், உறை ஊற்றிய கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் உதவுகின்றன. மேலே எழுதிய கணக்கில் காலைக் காப்பி உருட்டியதும், பழைய சோற்று மோர் சும்மா இருந்ததும் இப்படித்தான் பொருந்தும். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை.

பாலைக் குறைப்பவர்கள் சுண்ணாம்புச் சத்துக்கு வழி பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி இவையெல்லாம் நம் கைக்கு எட்டியவைதான்.

கோதுமைக்கு ஒரு எச்சரிக்கை

சர்க்கரை வந்தவுடன் இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் நம்மிடம் நிறைய. மாறிய பிறகு உப்புசம் என்று சொல்பவர்களும் உண்டு. கோதுமையில் உள்ள ஒரு வகை மாவுச்சத்து சிலருக்குச் செரிக்காமல் காற்றை உண்டாக்கும். அது சேராமை. ஆனால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலையே அரித்துவிடும் சீலியாக் என்ற நோயும் இருக்கிறது. இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையைச் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே அந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாமாக முன்பே நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். எனவே கோதுமை மேல் சந்தேகம் என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், பிறகு நிறுத்துங்கள். நிறுத்தினால் ரவை, சேமியா, மைதா, பரோட்டா, பிஸ்கட் எல்லாமே அதில் அடங்கும். கடையில் வாங்கும் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம்.

பருப்பு, வெங்காயம், பூண்டு, மொச்சை, கொண்டைக்கடலை போன்ற "வாயு" உணவுகளை நம் முன்னோர் சும்மா அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் இவ்வகை உணவுகளை மொத்தமாகக் குறைத்துப் பார்க்கும் முறையை வளர்த்திருக்கிறார்கள். அதை உணவியல் நிபுணர் துணையில்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கறியும் முட்டையும் வாரத்துக்கு ஒருநாள் பார்க்கிற வீட்டில் பருப்பையும் நிறுத்தினால் புரதத்துக்கு எங்கே போவது? பயறுகளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, அளவைக் குறைத்துச் சாப்பிட்டாலே பலருக்குத் தொல்லை அடங்கும்.

பணம் பறிக்கும் பரிசோதனைகள்

ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் நூறு உணவில் எது சேராது என்று பட்டியல் தருவதாகச் சில ஆய்வுக்கூடங்கள் விளம்பரம் செய்கின்றன. முடியை வைத்துச் சொல்வதாகவும் சொல்கிறார்கள். ஐஜிஜி என்ற அந்த ரத்தப் பரிசோதனை, அந்த உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டுகிறது. சேராமையை இதை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே அறிவித்துவிட்டது. இதற்காக உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் ஊக்குநர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பால் சேராமைக்கு மூச்சுக் காற்றை வைத்துச் செய்யும் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அது சரியானதுதான், மருத்துவர் சொன்னால் செய்து கொள்ளலாம்.

எப்போது ஆரம்பிப்பது?

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் முன்னால் ஆரம்பிக்காதீர்கள். விருந்தாளி வீட்டில் பாயசத்தை மறுக்க முடியாது, இரண்டு வாரக் கணக்கும் வீணாகும். ஒரே நேரத்தில் இரண்டு உணவை நிறுத்த வேண்டாம். மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "இவளுக்கு மட்டும் தனிச் சமையலா" என்ற பேச்சு வரும். தனிச் சமையல் எதுவும் இல்லை, என் டம்ளரில் பால் ஊற்றவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லலாம். வீட்டில் மற்ற எல்லாருடைய வயிற்றுக்கும் எது ஆகும் எது ஆகாது என்று விரல்நுனியில் வைத்திருக்கிற நாம், நம் வயிற்றுக்காக இரண்டு வாரம் கேட்பது அதிகமில்லை.

ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். செவிலியர் அக்கா வரும் நாளாக இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். ஒருவருக்குச் சேராதது இன்னொருவருக்கும் சேராது என்று நோட்டைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அன்று கூட்டத்துக்கு டீ போடுபவர்கள், பாலை ஊற்றுவதற்கு முன்பே இவர்களுக்கான டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.